ஏழ்மை என்கிற பதில்: மைரன் வைனரும் கவரைப்பேட்டைச் சூளைகளும்

2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை அன்று இரவு எட்டரை மணி வாக்கில், மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் நேர்ப்பாதையில் போகவேண்டியது, லூப் லைனுக்குள் புகுந்து அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன, தீப்பிடித்தது. அவ்வளவு பெரிய மோதலில் உயிரிழப்பு இல்லை என்பதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. அது உறுதியாவதற்குள் எங்கள் கல்லூரி வாட்ஸப் குழு கொதித்துக்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் வாயே திறக்காதவனெல்லாம் "டேய், நம்ம ஸ்டேஷன்டா" என்று எழுதினான்.

நாங்கள் அந்தப் பக்கம் பொறியியல் படித்தவர்கள். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவிலிருக்கும் அந்தச் சின்ன ஸ்டேஷனில் லோக்கலுக்குக் காத்துக்கிடந்தே நாலு வருடம் ஓடியது. காத்திருக்கும்போது வடக்கே போகும் எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் கடந்துபோகும். முன்பதிவில்லாப் பெட்டியின் வாசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போவார்கள். "பீகார் வண்டி" என்போம். அதோடு பேச்சு முடிந்துவிடும். யார் இவர்கள், ஏன் இவ்வளவு பேர், ஏன் அங்கிருந்து இங்கே மட்டும் வருகிறார்கள், இங்கிருந்து ஏன் ஒருவரும் அங்கே போவதில்லை? ஒருத்தரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பதையே ஆயுள் முழுக்கத் தொழிலாக வைத்திருந்த ஒரு பேராசிரியரைப் பற்றித்தான் எழுத வந்தேன். மைரன் வைனர் என்று பெயர். கவரைப்பேட்டைக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் கிடையாது. ஆனால் அவரைப் படித்தபிறகு எனக்கு அந்த ஊர் முன்புபோல இல்லை. அதைச் சொல்ல ஒரு டீக்கடையிலிருந்து தொடங்கவேண்டும்.

*

ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காத நாட்களில் நாங்கள் ஹைவே ஓரத்து டீக்கடைக்குப் போவோம். அங்கே ஒரு பையன் இருந்தான். பன்னிரண்டு வயது இருக்கலாம். டீ கொண்டுவருவான், கிளாஸ் கழுவுவான், பெஞ்சு துடைப்பான். எங்களில் யார் சர்க்கரை கம்மி, யார் ஸ்ட்ராங் என்று அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். "இவ்ளோ ஞாபக சக்தி இருந்தா எனக்கு அரியரே இருக்காதுடா" என்று ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தோம். பையனும் சிரித்தான். ஊர் திருவண்ணாமலைப் பக்கம் என்றான். ஸ்கூல்? "நாலாவதோட நின்னுட்டேண்ணா."

நான் ஒருநாள் கடைக்காரரிடம், "ஏண்ணே, இவன ஸ்கூலுக்கு அனுப்பக்கூடாதா?" என்று கேட்டேன். "நீங்க வேற தம்பி. அப்பன் குடிகாரன், வூட்ல கஷ்டம். இங்கனா மூணு வேளை சோறு இருக்குது, மாசம் காசு போவுது. நல்லாத்தானே வெச்சிருக்கேன்?" என்றார். அது உண்மைதான், நல்லபடியாகத்தான் வைத்திருந்தார். எனக்கும் மனசு சமாதானமாகிவிட்டது. பாவம், ஏழைக் குடும்பம், என்ன செய்ய முடியும்? அந்த மாதம் அவனுக்கு ஒரு பழைய சட்டை கொடுத்தேன்.

இது நடந்தது 2008-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2006 அக்டோபர் 10 முதல், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டுவேலையிலும் ஓட்டல், டீக்கடைகளிலும் வைத்துக்கொள்வது நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

*

2016-இல் ஆன்சைட் வேலையாக பாஸ்டனில் ஆறு மாதம் இருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்பிரிட்ஜ், அங்கேதான் எம்.ஐ.டி. (எம்.ஐ.டி. என்றால் எனக்கு முதலில் குரோம்பேட்டைதான் ஞாபகம் வரும். கவுன்சலிங்கில் கிடைக்காமல் போன இடம்.) ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தின் தலைப்பில் இந்தியா என்று இருந்ததால் எடுத்தேன். 'இந்தியாவில் குழந்தையும் அரசும்' என்று தமிழில் சொல்லலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்டது. துணைத்தலைப்பில் குழந்தை உழைப்பு, கல்விக் கொள்கை என்பதோடு 'ஒப்பீட்டுப் பார்வையில்' என்றொரு சொல்லும் இருந்தது.

ஆசிரியர் வைனர் 1931-இல் நியூயார்க்கில் பிறந்தவர். படித்தது சிட்டி காலேஜில், அன்றைக்குக் கட்டணமே வாங்காத அரசுக் கல்லூரி. பிறகு பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம். 1950-களிலேயே இந்தியாவுக்கு வந்து, சுதந்திர இந்தியாவின் கட்சிகளைப் பற்றி 1957-இல் முதல் புத்தகம் போட்டார். 1961-இல் எம்.ஐ.டி.யில் சேர்ந்தவர் கடைசிவரை அங்கேயே கற்பித்தார். 1999 ஜூனில், 68 வயதில் இறந்தார்.

நம்மூர்த் தொடர்பும் உண்டு. காங்கிரஸ் கட்சி எப்படி வேர்பிடித்தது என்று ஆராய அவர் ஐந்து இடங்களை எடுத்துக்கொண்டார்: குஜராத்தில் கேடா, ஆந்திராவில் குண்டூர், மைசூர் மாநிலத்தில் பெல்காம், பிறகு கல்கத்தா, ஐந்தாவது நம் மதுரை. அந்தப் புத்தகம் வெளிவந்தது 1967-இல். காங்கிரஸின் வலிமையை விளக்கிய புத்தகம் வந்த வருடமே சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சியை இழந்து, அதன்பிறகு இங்கே திரும்பவே இல்லை! ஆய்வாளர்களுக்கு இப்படிச் சில துரதிர்ஷ்டங்கள் உண்டு. ஆனால் அவருடைய முறையை அதில் பார்க்கலாம். ஒரே கட்சி, ஐந்து வெவ்வேறு மண். எது எல்லா இடத்திலும் பொதுவாக இருக்கிறது, எது மாறுகிறது என்று பார்ப்பது. நாங்கள் புரோகிராமில் பிழை தேடுவதும் இதே முறையில்தான். ஒரு மெஷினில் ஓடுகிற கோடு இன்னொன்றில் ஓடவில்லை என்றால், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும்.

கற்பிப்பதிலும் அவர் இதையே செய்தார் என்று அவர் மாணவர்களின் புத்தகங்களைப் பார்த்தால் புரியும். அஷுதோஷ் வர்ஷ்னி அவரிடம் முனைவர் பட்டம் செய்தவர். இந்து-முஸ்லிம் கலவரங்களைப் பற்றிய வர்ஷ்னியின் 2002-ஆம் ஆண்டுப் புத்தகம் நகரங்களை ஜோடி ஜோடியாக எடுக்கிறது. அலிகாருக்கு எதிரே கோழிக்கோடு, ஹைதராபாத்துக்கு எதிரே லக்னோ, அகமதாபாத்துக்கு எதிரே சூரத். கலவரம் நடந்த ஊரை மட்டும் பார்த்துக் காரணம் சொல்லாதே, நடக்காத ஊரையும் பார் என்பது அதன் அடிப்படை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நாம் யாரும் தினசரி வாழ்க்கையில் அப்படி யோசிப்பதில்லை.

*

1991-ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். வைனர் எடுத்துக்கொண்ட கேள்வி இது. ஆறு முதல் பதினான்கு வயதுள்ள இந்தியக் குழந்தைகளில் சுமார் 8.2 கோடிப் பேர் பள்ளியில் இல்லை. வேலை செய்யும் குழந்தைகளின் எண்ணிக்கை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து 1.36 கோடியிலிருந்து 4.4 கோடிவரை போகிறது. அரசியல் சாசனத்தின் 45-ஆவது பிரிவு பத்து வருடத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி என்று சொன்னது. நாற்பது வருடமாகிவிட்டது. ஏன் நடக்கவில்லை?

எல்லோருக்கும் தெரிந்த பதில் ஏழ்மை. நாடு ஏழை, அதனால் பள்ளி கட்ட முடியாது. பெற்றோர் ஏழை, அதனால் பிள்ளையின் கூலி இல்லாமல் முடியாது. டீக்கடைக்காரர் சொன்னது, நான் நம்பியது.

வைனர் இந்தப் பதிலை உலகம் முழுக்க எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்க்கிறார். பிரஷ்யா 1763-இல் பள்ளிக்கட்டாயச் சட்டம் போட்டது. ஆஸ்திரியாவில் மரியா தெரசா 1774-இல். அப்போது அவை விவசாயிகளின் ஏழை நாடுகள். மாசசூசெட்ஸ் 1836-இலேயே, ஆலையில் வேலை செய்யும் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வருடத்தில் மூன்று மாதமாவது பள்ளி போயிருக்க வேண்டும் என்றது, 1852-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கியது. ஒரு சனிக்கிழமை லோவல் ஊருக்குப் போய், மியூசியமாக்கப்பட்ட பழைய நெசவாலைகளைப் பார்த்தேன். தறிகளின் சத்தத்தில் நின்றுகொண்டு, இந்த ஊர்ப் பெற்றோரும் பணக்காரர்களாக இருந்திருக்க முடியாதே என்று நினைத்துக்கொண்டேன். உலகின் முதல் தொழில் வல்லரசான இங்கிலாந்து பள்ளியைக் கட்டாயமாக்கியதோ 1880-இல்தான். பணம்தான் காரணம் என்றால் வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஜப்பான் 1872-இல் தொடங்கியது. பள்ளிச் செலவை மக்கள் தலையில் கட்டியதால் சில இடங்களில் விவசாயிகள் பள்ளிக்கூடங்களையே கொளுத்தினார்கள். ஆனாலும் முப்பது வருடத்தில் பத்தில் ஒன்பது பிள்ளை பள்ளிக் கணக்கில் வந்துவிட்டது. போரில் தரைமட்டமான தென்கொரியாவில் 1950-களின் இறுதிக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் தொடக்கப்பள்ளியில் இருந்தார்கள். வைனர் எழுதிய காலத்தில் இந்தியாவைவிட வருமானம் குறைந்த சில நாடுகளில்கூட எழுத்தறிவு இந்தியாவைவிட அதிகம்.

இன்னொன்றையும் கவனிக்கிறார். இந்த நாடுகளுக்குள் கொள்கை ஒற்றுமையே கிடையாது. ஒரு நாட்டில் பைபிள் படிக்கவேண்டும் என்ற மதக் காரணம், இன்னொன்றில் அரசனுக்குக் கீழ்ப்படிந்த சிப்பாய்கள் வேண்டும் என்ற காரணம், மூன்றாவதில் குடியேறிகளை ஒரே குடிமக்களாக்குவது. நோக்கங்கள் வேறு வேறு, முடிவு ஒன்று: பிள்ளையைப் பள்ளியில் உட்கார வைப்பது அரசின் கடமை, பெற்றோரின் இஷ்டத்துக்கு விடமுடியாது. இந்தியாவில் நேரெதிர். அதிகாரிகள், தொழிலதிபர்கள், கல்வியாளர்கள், தொண்டு நிறுவனத்தார் என்று பலரோடு உட்கார்ந்து பேசி அந்த உரையாடல்களையே இரண்டு அத்தியாயங்களாக வைத்திருக்கிறார். வலதோ இடதோ காந்தியவாதியோ, எந்தத் தரப்பிலிருந்து தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது: இப்போதைக்கு முடியாது, பாவம் ஏழைகள். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இந்த மனநிலையின் வடிவம்தான். அபாயகரமான சில தொழில்களில் தடை, மற்றவற்றில் ஒழுங்குமுறை.

அந்த இரக்கத்துக்கு அடியில் இருப்பது ஒரு நம்பிக்கை என்கிறார் வைனர். தலையால் வேலை செய்பவர்கள் ஒரு வகை, கையால் வேலை செய்பவர்கள் இன்னொரு வகை, பள்ளிக்கூடம் முதல் வகைக்குத்தான் நிஜமாகத் தேவை என்ற நம்பிக்கை. இதை அவர் சாதி அடுக்கோடு இணைக்கிறார்.

பாஸ்டன் குளிரில் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு முகம் சுட்டது. நான் அந்தப் பையனுக்குக் கொடுத்த பழைய சட்டை ஞாபகம் வந்தது. என் தம்பி நாலாவதோடு நின்றிருந்தால் எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? அப்பா கடன் வாங்கியிருப்பார், அம்மா வளையலை வைத்திருப்பார், மாமா வந்து கத்தியிருப்பார். 'பாவம் ஏழை' என்று யாரும் சமாதானமாகியிருக்க மாட்டார்கள். என் இரக்கம் நல்ல இரக்கம்தான். ஆனால் அதற்குள் 'இவன் வேற' என்கிற எண்ணம் ஒளிந்திருந்தது.

*

இந்த நம்பிக்கைக்குப் பழைய சரித்திரம் உண்டு. 1911 மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே, மத்திய சட்டசபையில் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் 1906-லேயே தன் சமஸ்தானத்தில் செய்துகாட்டியிருந்தார். எனவே இந்திய மண்ணில் முடியாது என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் 1912 மார்ச்சில் 13-க்கு எதிராக 38 வாக்குகளில் மசோதா தோற்றது. வெள்ளைக்காரன்தான் தோற்கடித்தான் என்று முடித்துக்கொள்ள முடியாது. எல்லாப் பையன்களும் பள்ளிக்குப் போய்விட்டால் பண்ணை வேலை என்னாவது என்று கவலைப்பட்ட நிலவுடைமையாளர்களிடம் 11,000 கையெழுத்துகள் திரட்டப்பட்டதாகவும், திரட்டியவர் தர்பங்கா மகாராஜா என்றும் கல்வியாளர் அனில் சத்கோபால் எழுதியிருக்கிறார். ஆமாம், அதே தர்பங்கா. எங்கள் ஸ்டேஷனில் மோதிய வண்டி போகவேண்டியிருந்த ஊர்.

தமிழ்நாட்டில் இதே சண்டை தெருவுக்கு வந்தது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். ஆசிரியர் பற்றாக்குறை, கட்டடப் பற்றாக்குறை என்று நிர்வாகக் காரணங்கள் சொல்லப்பட்டன. மக்கள் அதைக் 'குலக்கல்வி' என்ற ஒரே சொல்லில் புரிந்துகொண்டார்கள். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் போராடின, காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதல்வரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. வைனரின் கண்ணால் பார்த்தால் இது ஒரு கல்வித் திட்டத்தின் தோல்வி மட்டும் இல்லை. பிற இடங்களில் அதிகாரிகளின் மனசுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த நம்பிக்கை, இங்கே மேடையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு அடிவாங்கியது. அதன்பிறகு எந்தக் கட்சியும் இங்கே அதை வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் போனது.

*

வைனர் சொன்னது எல்லாம் சரியா? முழுக்க இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கண்ட மருந்து சட்டக் கட்டாயம். தமிழ்நாட்டில் நடந்ததோ சோறு. 1956-இல் காமராஜரின் மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு. தமிழ்நாடு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் 1994-இல்தான் நிறைவேறியது. அதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டிருந்தார்கள். சட்டம் கடைசியாக வந்து வருகைப்பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான். கேரளமும் கட்டாயத்தால் சாதிக்கவில்லை, தொடக்கப்பள்ளிக்கு அதிகம் செலவழித்துச் சாதித்தது. இதை வைனரே ஒப்புக்கொள்கிறார்.

அவர் அதிகம் கேட்டது மேலே இருப்பவர்களை. கீழே இருப்பவர்களைக் கேட்ட ஆய்வு அவர் இறந்த 1999-இல்தான் வந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹிமாச்சலம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் போய்ப் பார்த்த 'ப்ரோப்' அறிக்கை. ஏழைப் பெற்றோர் பிள்ளைகளைப் படிக்க வைக்கவே விரும்புகிறார்கள் என்று அது சொன்னது. ஆய்வாளர்கள் போன நேரத்தில் பாதிப் பள்ளிகளில் பாடமே நடக்கவில்லை. அப்படிப்பட்ட பள்ளிக்குப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி அனுப்பி என்ன ஆகப்போகிறது? ஆனால் இதுவும் வேறு வழியாக வைனரிடமே வந்து சேர்கிறது. பாடம் நடக்காத பள்ளியைப் பற்றி யாரும் கவலைப்படாததற்குக் காரணம், கவலைப்படக்கூடியவர்களின் பிள்ளைகள் அங்கே இல்லை.

அவருடைய கேள்வி காற்றில் போகவில்லை. ஆந்திராவில் சாந்தா சின்ஹா, பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளியே என்ற கொள்கையோடு கிராமம் கிராமமாக வேலை செய்தார். சிவகாசிப் பிள்ளைகள் தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. 2001-இல் அதே நீதிமன்றம் நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரச் சொன்னது. எட்டயபுரத்துச் சோறு இந்தியக் கொள்கையானது. 2002-இல் சாசனத் திருத்தம், 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் அமல். 1991-இல் 'முடியாது' என்று சொல்லப்பட்டதெல்லாம் இருபது வருடத்தில் சட்டப்புத்தகத்துக்குள் வந்துவிட்டது. நாடு அதற்குள் பணக்கார நாடாகிவிடவில்லை.

*

அப்புறம் ஏன் கவரைப்பேட்டை?

அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஹைவேயை விட்டு உள்ளே திரும்பினால் ஏரிக்கரைகளை ஒட்டிச் சூளைகள். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வரைக்கும் இப்படித்தான். மழை ஓய்ந்ததும் ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஊரில் அறுவடைத் திருநாள் முடிந்ததும் தரகர் முன்பணம் கொடுத்திருப்பார். அந்தக் கடன் கழியும்வரை, அடுத்த மழைக்கு முன்புவரை, கல் அறுக்கவேண்டும். வேலைக்கு எடுக்கும் கணக்கை அவர்கள் 'பத்துரியா' என்கிறார்கள். ஒரு ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை சேர்ந்தது ஒரு பத்துரியா. பிள்ளை எதற்கு? காயப்போட்ட பச்சைக்கல்லைப் புரட்டிவிட வேண்டும். பெரியவர்கள் நடந்தால் ஈரக்கல் நசுங்கிவிடும், பிள்ளைக்கு எடை கம்மி. குழந்தையின் எடை குறைவு என்பது இங்கே ஒரு தொழில்நுட்பம்.

கல்லூரியில் என்.எஸ்.எஸ். சர்வேக்காக நாங்கள் ஒரு சூளைக்குப் போயிருந்தோம். அங்கிருந்த கணக்குப்பிள்ளையிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது, "அதுங்க ஆயி அப்பன் கூடத்தான் சார் இருக்குது. ஊர்ல இருந்தா மட்டும் கலெக்டராவா ஆவப்போவுது?" என்றார். ஃபாரத்தில் 'பெற்றோருடன் வசிக்கின்றனர்' என்று எழுதிக்கொண்டு வந்தோம்.

வைனருக்கு இன்னொரு பெரிய புத்தகம் உண்டு, 1978-இல் வந்தது. 'மண்ணின் மைந்தர்கள்' என்ற கோஷத்தைப் பற்றியது. அஸ்ஸாம், சோட்டா நாக்பூர், ஹைதராபாத் மூன்றையும் ஒப்பிட்டு, வெளியூர்க்காரன்மேல் கோபம் எங்கே எழுகிறது என்று கேட்டது. ஆட்கள் வந்து குவிவதால் மட்டும் கோபம் வருவதில்லை. உள்ளூரில் புதிதாகப் படித்து வந்த இளைஞர்கள் ஆசைப்படும் வேலைகளில் ஏற்கெனவே வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது அரசியலாகிறது என்றார். இந்தக் கணக்குப்படி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை வெப்பத்தில் நிற்கும் பீகார் இளைஞனோடு உள்ளூர்ப் பொறியியல் பட்டதாரிக்குப் போட்டியே இல்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குப் பதற்றம் ஆனபோது, அது வதந்தியாகவே அடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. நாளைக்கு அவர்களும் சூப்பர்வைசர் ஆகும்போது என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

இந்த இரண்டு புத்தகங்களையும் வைனர் தனித்தனியாக எழுதினார். கவரைப்பேட்டையில் நின்று பார்த்தால் அவை ஒன்றாகிவிடுகின்றன.

ஒப்பீட்டு ஆய்வில் ஒரு பழைய எச்சரிக்கை உண்டு, கால்டனின் சிக்கல் என்பார்கள். 1889-இல் பிரான்சிஸ் கால்டன் கேட்டது. இரண்டு சமூகங்களை ஒப்பிடுகிறீர்களே, அவை ஒன்றையொன்று பாதிக்காத தனித்தனி உதாரணங்கள்தானா? தமிழ்நாட்டையும் பீகாரையும் ஒடிசாவையும் வரிசையாக அட்டவணை போட்டு நாம் பெருமைப்படுகிறோம். 2021-22 கணக்கில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இங்கே 47, இந்தியச் சராசரி 28.4. உண்மையான பெருமைதான், கஷ்டப்பட்டுச் சம்பாதித்தது. அந்த 47-இல் நானும் என் நண்பர்களும் இருக்கிறோம். ஆனால் அட்டவணையின் இரண்டு வரிசைகளுக்கு நடுவில் ஒரு ரயில் ஓடுகிறது. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதால் காலியான இடத்துக்கு, பள்ளி சரியாக இல்லாத மாநிலத்தின் குடும்பம் பிள்ளையோடு வந்து இறங்குகிறது. நாங்கள் படித்த கல்லூரிக் கட்டடத்தின் செங்கல்லும் ஏதோ ஒரு சூளையிலிருந்து வந்ததுதானே. நம் வெற்றியின் அடக்கவிலையில் ஒரு பகுதியை வேறு மாநிலத்துக் கணக்கில் எழுதிவிட்டோம்.

நம் மாநிலத்துக்குள்ளேயே விட்டுப்போனவர்களும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் எத்தனை! சோறு போட்ட பள்ளியும் அவர்கள் குடிசைவரை நடந்து போகவில்லை.

நல்லதையும் சொல்லவேண்டும். திருவள்ளூர் சூளைகளில் ஒடியா மொழியிலேயே பாடம் நடத்தும் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஒடிசாவிலிருந்து பாடப்புத்தகமும் ஆசிரியர்களும் வந்தார்கள். இரண்டு மாநில அரசுகள், இரண்டு மொழிகள், ஒரு சூளைப் பருவம். ஊர் திரும்பும்போது பிள்ளை அதே வகுப்பில் தொடரலாம். யாரோ ஒரு அதிகாரி 'பாவம், என்ன செய்ய முடியும்' என்பதோடு நிற்காமல் அடுத்த வாக்கியத்தையும் யோசித்திருக்கிறார். வைனர் இருந்திருந்தால் இதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

*

விபத்து நடந்து மூன்று மாதம் கழித்து, 2025 பொங்கல் சமயத்தில், ஒரு வேலையாகக் கும்மிடிப்பூண்டி போனேன். திரும்பும்போது கவரைப்பேட்டையில் இறங்கினேன். தண்டவாளமெல்லாம் சரிசெய்தாகிவிட்டது, அடையாளமே தெரியவில்லை. ஹைவே அகலமாகியிருந்தது. பழைய டீக்கடை இருந்த இடத்தில் ஒரு மொபைல் கடை. பக்கத்துக் கடையில் டீ போட்டுக்கொண்டிருந்தது ஒரு இளைஞன், இருபத்தைந்து வயதிருக்கும். ஊர் எது என்று கேட்டேன். "சமஸ்திபூர்ணா" என்றான், நல்ல தமிழில். தர்பங்காவுக்குப் பக்கத்து மாவட்டம்.

கிளாஸ் கழுவச் சின்னப் பையன் யாரும் இல்லை. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"அஞ்சாவது. அப்புறம் வேலை. அப்ப வீட்ல கஷ்டம்ணா" என்றான். எத்தனை வயதில் வேலைக்கு வந்தான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் இங்கே டீ குடித்துக்கொண்டிருந்த அதே வருடங்கள் வந்தன. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கடையில், எவனோ ஒரு காலேஜ் பையன் இவனுக்கும் பழைய சட்டை கொடுத்திருப்பான்.

"உங்களுக்குப் பசங்க?"

"ஒரு பொண்ணு. ஊர்ல இருக்கு. ரெண்டாவது படிக்குது." பிறகு, நான் கேட்காமலேயே, பால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டு சொன்னான். "அடுத்த வருஷம் இங்க கூட்டிட்டு வந்துருவேன். இங்க ஸ்கூல்ல டெய்லி வாத்தியார் வராங்கல்ல."